எத்தனை வீடுகள்? கிரிக்கெட் ஒளிபரப்பும் முலுண்டின் கேபிள் கணக்கும்

2023 பிப்ரவரி 18, சனிக்கிழமை. தில்லி அருண் ஜேட்லி அரங்கில் இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையிலான டெஸ்ட் போட்டியின் இரண்டாம் நாள். அன்று நாட்டின் கோடிக்கணக்கான கேபிள் வீடுகளில் ஸ்டார், சோனி, ஜீ ஆகிய மூன்று குழுமங்களின் அலைவரிசைகள் இருண்டன. மறுநாள் ரவீந்திர ஜடேஜா 42 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் வீழ்த்தினார்; ஆஸ்திரேலியா 113 ஓட்டங்களில் சுருண்டது; இந்தியா ஆறு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. மாதக் கட்டணத்தை முறையாகச் செலுத்தியிருந்த ஏராளமான வீடுகள் அதைக் காணவில்லை. பாதிக்கப்பட்ட வீடுகள் ஏறக்குறைய நாலரைக் கோடி என்று கேபிள் வினியோக நிறுவனங்களின் கூட்டமைப்பு கூறியது. மழையோ கம்பி அறுபட்டதோ காரணமன்று. புதிய விலைப் பட்டியலில் வினியோக நிறுவனங்கள் கையெழுத்திட மறுத்தன. ஒளிபரப்பு நிறுவனங்கள் சமிக்ஞையை நிறுத்திவிட்டன. ஏறக்குறைய ஒரு வாரத்தில் கையெழுத்தாயிற்று, படம் திரும்பியது.

இத்தகைய இருட்டடிப்பு இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பல நகரங்களின் பேஸ்பால், கூடைப்பந்து அணிகளுக்கு வட்டார விளையாட்டு அலைவரிசைகள் உண்டு. கேபிள் நிறுவனம் வீட்டுக்கு இத்தனை டாலர் என அவற்றுக்கு மாதந்தோறும் செலுத்த வேண்டும். 2002-இல் நியூயார்க் யாங்கீஸ் அணியின் அலைவரிசை தொடங்கியபோது கேபிள்விஷன் நிறுவனம் கேட்ட விலையைத் தர மறுத்தது. அந்த ஆண்டின் ஆட்டங்கள் முழுவதும் அதன் வாடிக்கையாளர்களுக்கு இல்லாமற்போயின. லாஸ் ஏஞ்சலிஸில் டாட்ஜர்ஸ் அணியின் ஆட்டங்கள் 2014 முதல் 2020 வரை நகரின் பெரும்பாலான வீடுகளை எட்டவேயில்லை. அங்கே பூசல் பெரும்பாலும் விலையைப் பற்றியது. வீட்டுக்கு எவ்வளவு என்பதே கேள்வி.

இந்தியாவில் அந்தக் கேள்விக்கு முன்னே இன்னொரு கேள்வி நெடுங்காலம் நின்றது: எத்தனை வீடுகள்? இந்நாட்டுக் கேபிள் தொழிலின் முதல் இருபதாண்டுப் பூசல்களை இந்த ஒரு கேள்வியைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். அதைத் தெருவளவில் காண்பதற்கு மும்பை மாநகராட்சியின் வடகிழக்கு எல்லையிலுள்ள முலுண்ட் பொருத்தமான இடம். அதன் காரணம் போகப்போகத் தெரியும்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. உலகின் பல பகுதிகளில் 'கேரேஜ் கட்டணம்' என்றால், அலைவரிசையைத் தன் கம்பியில் ஏற்றிக்கொள்ளும் கேபிள் நிறுவனம் அலைவரிசைக்குத் தரும் பணம் என்பது பொருள். இந்தியாவில் அதே சொல் எதிர்த்திசையில் வழங்குகிறது. இங்கே கேரேஜ் கட்டணம் என்பது, 'என்னையும் உன் கம்பியில் ஏற்று' என்று அலைவரிசை கேபிள் நிறுவனத்துக்குத் தரும் பணம். தமிழில் சுமைகூலி என்றால் இப்பொருள் சரியாக விளங்கும். பழைய அனலாக் கம்பியில் ஏறக்குறைய 80 முதல் 100 அலைவரிசைகள் மட்டுமே இடம்பெற முடிந்தது. இடம் கேட்டு நின்றவையோ பல நூறு. அதனால் செய்தி, இசை, பக்தி அலைவரிசைகள் சுமைகூலி தந்து ஏறின. கிரிக்கெட் அலைவரிசை மட்டும் கூலி தராமல் ஏறியது. ஏறியபின் கூலியும் கேட்டது. ஒரே கம்பியில் இரு திசைகளிலும் பணம் ஓடியது. இந்த விதிவிலக்கைக் கிரிக்கெட் எவ்வாறு பெற்றது என்பதே வரலாற்றின் முதல் அத்தியாயம்.

தொடக்கத்தில் கிரிக்கெட்டும் கூலி தரவேண்டிய நிலையில்தான் இருந்தது. தூர்தர்ஷன் ஒன்றே தொலைக்காட்சியாக இருந்த காலத்தில், ஆட்டத்தைக் காட்டுவது அது வழங்கும் சலுகையாகவே கருதப்பட்டது. 1993 நவம்பரில் வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஹீரோ கோப்பைப் போட்டியை நடத்தியது. ஒளிபரப்பு உரிமையை டிரான்ஸ் வேர்ல்ட் இன்டர்நேஷனல் என்னும் அயல்நாட்டு நிறுவனத்துக்கு விற்றது. தூர்தர்ஷன் சினமுற்றது; தான் ஒளிபரப்ப வேண்டுமாயின் ஆட்டமொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் தொழில்நுட்பக் கட்டணமாகத் தரவேண்டுமென்று சங்கத்திடமே கேட்டது. 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தைக் காட்டி, வானலை அரசின் தனியுரிமை என்று வாதிடப்பட்டது. அயல்நாட்டு நிறுவனத்தின் கருவிகள் சுங்கத்துறையின் பிடியிற் சிக்கின. உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் ஒளிபரப்பு நடந்தது. ஈடன் கார்டன்ஸில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான அரையிறுதியில், சச்சின் டெண்டுல்கர் கடைசி ஓவரை வீசி இரண்டு ஓட்ட வித்தியாசத்தில் வெற்றி பெற்றுத் தந்த இரவு அது.

வழக்கின் தீர்ப்பு 1995 பிப்ரவரி 9 அன்று வந்தது. வானலைகள் பொதுச்சொத்து, அவற்றின் மீது அரசுக்கு ஏகபோகம் இல்லை, குடிமக்களின் கருத்துரிமையில் பார்க்கும் உரிமையும் கேட்கும் உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தீர்ப்பு பார்வையாளரை மையத்தில் நிறுத்தியது. ஆனால் அதன் உடனடிப் பயனைப் பெற்றவர் பார்வையாளர் அல்லர். உரிமையை விற்பவரும் வாங்குபவரும். வாரியம் உரிமையை ஏலமிட்டது. தனியார் அலைவரிசைகள் வாங்கின. வாங்கிய விலையை அவை எங்கிருந்தோ மீட்கவேண்டும். விளம்பரம் ஒரு வழி. வீடுகள் மற்றொரு வழி. வீடுகளுக்குச் செல்லும் பாதையோ வேறொருவர் கையில் இருந்தது.

அந்த வேறொருவர் தெருக் கேபிள்காரர். பம்பாயில் கேபிள் தொழில் சட்டத்துக்கு முன்பே பிறந்தது. 1980-களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு வீடியோ கருவியை வைத்து, மாடிக்கு மாடி கம்பி இழுத்துத் திரைப்படம் காட்டியவர்களே இத்தொழிலின் முன்னோடிகள். 1991-இல் ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் தொலைக்காட்சி செயற்கைக்கோள் வழி வந்தபோது, அதே கம்பியின் ஒரு முனையில் தட்டு ஆன்டெனா ஏறியது. ஸ்டாரின் முதல் அலைவரிசைகளில் ஒன்று விளையாட்டுக்கானது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. 1995-இல் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபோது, கேபிள்காரர் தம்மைப் பதிவுசெய்யவேண்டிய இடம் தலைமை அஞ்சலகம் என விதிக்கப்பட்டது. கடிதம் கொண்டுசெல்பவரையும் படம் கொண்டுசெல்பவரையும் அரசு ஒரே கூரையின்கீழ் வைத்தது எனலாம். ஆனால் அஞ்சல்காரரிடம் ஒவ்வொரு வீட்டின் முகவரியும் உண்டு. கேபிள்காரரின் வீட்டுக் கணக்கோ அவருடைய குறிப்பேட்டில் மட்டுமே இருந்தது.

சிட்டி கேபிள், இன் கேபிள்நெட், ஹாத்வே முதலிய பெரிய வினியோக நிறுவனங்கள் 1990-களின் நடுவில் வந்தன. இவற்றை எம்.எஸ்.ஓ. என்று தொழிலில் குறிப்பர். ஒளிபரப்பு நிறுவனத்திடமிருந்து சமிக்ஞை எம்.எஸ்.ஓ.வுக்கு; அங்கிருந்து தெருக் கேபிள்காரருக்கு; அவரிடமிருந்து வீட்டுக்கு. பணம் இதே பாதையில் திரும்பி வரவேண்டும். கட்டண அலைவரிசை ஒன்று வீட்டுக்கு இத்தனை ரூபாய் என விலை வைத்தால், அந்த விலையைப் பெருக்கவேண்டிய எண் ஒன்று தேவை. அந்த எண்ணைச் சொல்பவர் கேபிள்காரர். அனலாக் கம்பி மரக்கிளை போன்றது. எத்தனை வீடுகளுக்குப் பிரிந்தாலும் அடிமரத்தில் நிற்பவருக்கு இலைகளின் எண்ணிக்கை தெரியாது. நானூறு வீடுகளுக்குக் கம்பி தந்தவர் நூறு என்று எழுதினால், மறுப்பதற்கு எந்தக் கருவியும் இல்லை. கேபிள்காரர் எம்.எஸ்.ஓ.விடம் குறைத்துச் சொன்னார், எம்.எஸ்.ஓ. ஒளிபரப்பு நிறுவனத்திடம் மேலும் குறைத்துச் சொன்னது.

இதைத் திருட்டென்று கூறி முடித்துவிடுதல் எளிது. நியாயம் இரு பக்கமும் இருந்தது. கேபிள்காரர் தம் சொந்தப் பணத்தில் கம்பி வாங்கி, மாடியிலிருந்து மாடிக்கு இழுத்து, மழைக்காலத்தில் அறுந்ததை ஒட்டி, வீடு வீடாக ஏறி வசூலித்தவர். கட்டண அலைவரிசைகள் தொடக்கத்தில் இலவசமாக வந்து பழக்கப்படுத்தின. வீடுகள் பழகியபின் விலை வைத்தன. விலையை ஆண்டுதோறும் உயர்த்தின. வீட்டுக்காரரோ எல்லா அலைவரிசைக்கும் சேர்த்து ஒரே தொகை தந்து பழகியவர். கூடுதலாகக் கேட்டால் அடுத்த கட்டடத்துக் கேபிள்காரரை அழைப்பார். குறைத்துக் காட்டிய கணக்கே இத்தனை பேரையும் ஒரே கம்பியில் வைத்திருந்த சமரசம். ஒளிபரப்பு நிறுவனங்களும் இதை அறிந்தே, உண்மை எண்ணிக்கையைப் பேரத்தால் எட்ட முயன்றன. விலையைக் கூட்டுவது, காட்டும் வீடுகளைக் கூட்டச் சொல்வது ஆகிய இரண்டும் ஒன்றே.

பேரத்துக்கு ஏற்ற பருவம் கிரிக்கெட் பருவம். தொடர் நாடகத்தின் ஒரு பகுதி தவறினால் மறுநாள் கதை கேட்டுக்கொள்ளலாம். ஓடும் ஆட்டத்தை மறுநாள் பார்ப்பதில் பொருளில்லை. ஒப்பந்தம் எந்த மாதத்தில் முடிந்தாலும், சமிக்ஞையை நிறுத்துவோம் என்ற எச்சரிக்கை பெருந்தொடருக்கு முன்பே கூர்மை பெற்றது. கேபிள்காரர் பொய்யான எண் காட்டலாம். ஆனால் ஆட்டம் நின்றுபோன மாலையில் அவருடைய கதவைத் தட்டுவோரின் எண்ணிக்கை பொய்யன்று. பார்வையாளரின் சினமே அக்காலத்தில் கிடைத்த ஒரே மெய்யான கணக்கு. இரு தரப்பும் அதை ஆயுதமாகக் கொண்டன.

அரசு தலையிட்டது. 2002 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டு, கட்டண அலைவரிசைகளை வீட்டிலுள்ள பெட்டி வழியாக மட்டுமே காட்டும் முறை கொண்டுவரப்பட்டது. 'காஸ்' என்பது அதன் சுருக்கப் பெயர். பெட்டி இருந்தால் எண்ணிக்கை தெரியும் என்பது எண்ணம். நான்கு மாநகரங்களுக்கும் அறிவிக்கப்பட்ட இத்திட்டம் 2003 செப்டம்பரில் சென்னையில் மட்டுமே நடைமுறைக்கு வந்தது. மும்பை, தில்லி, கொல்கத்தாவின் சில பகுதிகளுக்கு, தில்லி உயர் நீதிமன்றத் தலையீட்டின்பின், 2006 டிசம்பர் 31 அன்று வந்து சேர்ந்தது. இதற்கிடையே 2004 ஜனவரியில் ஒளிபரப்புத் துறை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் பொறுப்பில் வந்தது. வந்தவுடன் அது கேபிள் விலைகளை 2003 டிசம்பர் 26 அன்று இருந்த நிலையிலேயே உறையச் செய்தது. அவ்வாண்டு டிசம்பரில், கேட்கும் எந்த வினியோகருக்கும் பாகுபாடின்றிச் சமிக்ஞை தரவேண்டும் என்ற விதியையும் வகுத்தது.

காஸ் வந்த பகுதிகளில் எந்தக் கட்டண அலைவரிசைக்கும் மாதம் 5 ரூபாய்க்கு மேல் விலையில்லை. கோடிகளில் உரிமை வாங்கிய கிரிக்கெட் அலைவரிசைக்கும் அதே 5 ரூபாய். அதில் ஒளிபரப்பு நிறுவனத்துக்கு 45 விழுக்காடு, எம்.எஸ்.ஓ.வுக்கு 30, கேபிள்காரருக்கு 25. அதாவது 2.25 ரூபாய், 1.50 ரூபாய், 1.25 ரூபாய். ஒளிபரப்பு நிறுவனங்கள் இதை விரும்பவில்லை என்பதில் வியப்பில்லை. மும்பையில் இந்த எல்லை தெற்குப் பகுதியோடு நின்றது. முலுண்ட் எல்லைக்கு வெளியே. ஒரே மாநகராட்சியின் தென்முனையில் பெட்டியும் 5 ரூபாய் விலையும். வடகிழக்கு முனையில் பழைய கம்பியும் கேபிள்காரரின் குறிப்பேடும். இரண்டுக்கும் இடையே மத்திய ரயிலில் ஒரு மணி நேரப் பயணம்.

இதே ஆண்டுகளில் நீதிமன்றங்கள் வேறொரு வழியைத் திறந்தன. 2004 மார்ச்சில் இந்திய அணி நெடுங்காலத்துக்குப் பின் முழுத் தொடருக்காகப் பாகிஸ்தான் சென்றது. உரிமை டென் ஸ்போர்ட்ஸ் அலைவரிசையிடம் இருந்தது. கேபிள் இல்லாத வீடுகள் என்ன செய்யும் என்ற பொதுநல வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் எழுந்தது. தூர்தர்ஷனுக்கும் சமிக்ஞை தரவேண்டுமென்று அங்கே ஆணை பிறந்தது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம், டென் ஸ்போர்ட்ஸின் சின்னத்தோடும் விளம்பரங்களோடும் தூர்தர்ஷன் காட்டலாம் என ஏற்பாடு செய்தது. மக்கள் ஆட்டங்களைப் பார்த்தனர். 2007 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்தபோது நிம்பஸ் நிறுவனத்தோடு அதே பூசல் மீண்டும் மூண்டது. தில்லி உயர் நீதிமன்றம் ஏழு நிமிடத் தாமதத்தோடு தூர்தர்ஷன் ஒளிபரப்பலாம் என்றது. ஏழு நிமிடம் பிந்திய ஆட்டம் என்பது பக்கத்து வீட்டுக் கூச்சல் கேட்டபின் விழும் விக்கெட். பிப்ரவரியில் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதுவே பின்னர் விளையாட்டு ஒளிபரப்புச் சமிக்ஞைகளைப் பிரசார் பாரதியோடு கட்டாயமாகப் பகிரும் சட்டம், 2007 ஆயிற்று. நாட்டின் முக்கிய ஆட்டங்களைத் தூர்தர்ஷனுக்குத் தரவேண்டும். விளம்பர வருவாயில் 75 விழுக்காட்டுக்குக் குறையாத பங்கு உரிமையாளருக்கு, எஞ்சியது பிரசார் பாரதிக்கு.

முலுண்டின் கேபிள் வீட்டுக்கு இது பெரும் ஆறுதலாக இருந்தது. கேபிள்காரர் தூர்தர்ஷனைத் தம் கம்பியில் ஏற்றியே ஆகவேண்டும் என்பது சட்டம். எனவே கட்டண அலைவரிசை இருண்டாலும், அதே கம்பியின் தூர்தர்ஷனில் ஒருநாள் ஆட்டம் தெரியும். இந்த ஆறுதலை எதிர்த்துக் கிரிக்கெட் வாரியமும் உரிமை பெற்ற நிறுவனங்களும் நீதிமன்றம் சென்றன. 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பகிரப்பட்ட சமிக்ஞையைத் தூர்தர்ஷன் தன் சொந்தத் தரைவழிக் கோபுரங்களிலும் தன் இலவச நேரடிச் செயற்கைக்கோள் சேவையிலும் மட்டுமே காட்டலாம். தனியார் கேபிள் வழி அது செல்லலாகாது. சட்டத்தின் வாசகப்படி தீர்ப்புக்கு வலுவான தர்க்கம் உண்டு: சட்டம் கேபிள் இல்லாதவருக்காக வந்தது, கேபிள்காரரின் வாணிகத்துக்கு இலவச விருந்து வைக்க வரவில்லை. ஆயினும் விளைவு விந்தையானது. மாடியில் ஒரு சிறு தட்டு வைத்தவருக்கு ஆட்டம் இலவசம். மாதக் கட்டணம் செலுத்தும் கேபிள் வீட்டுக்கு அதே தூர்தர்ஷனில் ஆட்டம் இல்லை.

இனி எண்ணிக்கையின் கதைக்குத் திரும்பலாம். 2011 டிசம்பரில் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டது. இம்முறை எல்லா அலைவரிசைகளும் பெட்டி வழியே மட்டும். முதற்கட்டமாக மும்பை, தில்லி, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு மாநகரங்களுக்கும் 2012 அக்டோபர் 31 இறுதி நாள். சென்னையில் வழக்குகளும், தமிழ்நாடு அரசு கேபிள் நிறுவனத்தின் உரிமச் சிக்கலும் இதை நெடுநாள் இழுத்தடித்தன. அந்நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்தது 2017-இல்தான். மும்பையில் குறித்த நாளிலேயே அனலாக் சமிக்ஞை நின்றது. இரண்டாம் கட்ட நகரங்களுக்கு 2013 மார்ச் 31. அப்பட்டியலில் தாணே இருந்தது.

முலுண்டின் சுங்கச்சாவடியைத் தாண்டினால் தாணே. மாநகராட்சி எல்லை அந்தச் சாலையைக் குறுக்கே வெட்டுகிறது. ஆகவே 2012 நவம்பர் முதல் நாள், சாவடிக்கு இப்புறத்தில் பெட்டி இல்லாத தொலைக்காட்சி வெறும் புள்ளி மழை. அப்புறத்தில் பழைய கம்பி வழக்கம்போல் ஓடியது. அந்த நவம்பரில் இங்கிலாந்து அணி வந்தது. மும்பை வான்கடேயில் கெவின் பீட்டர்சன் 186 ஓட்டம் குவித்தார். மான்டி பனேசர் பதினொரு விக்கெட் எடுத்தார். இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. அதே ஆட்டத்தைப் பார்த்த முலுண்ட் வீடு எண்ணப்பட்ட வீடு. தாணே வீடு இன்னும் எண்ணப்படாத வீடு. ஐந்து மாதங்களுக்குப் பின், ஐ.பி.எல். தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பாக, தாணேவின் கெடுவும் முடிந்தது.

வீடுகள் எண்ணப்பட்டால் பூசல் தீரும் என்பதே திட்டத்தின் நம்பிக்கை. தீரவில்லை. கேள்வி 'எத்தனை' என்பதிலிருந்து 'எவ்வளவு' என்பதற்கு நகர்ந்தது. அமெரிக்கா முதலிலேயே நின்ற இடத்துக்கு இந்தியா இருபதாண்டு கழித்து வந்து சேர்ந்தது. 2019 பிப்ரவரியில் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. நூறு அலைவரிசைகள் வரை கம்பிக்கான அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், வரியோடு 153.40. கட்டண அலைவரிசைகளுக்குத் தனித்தனி விலை. தொகுப்பில் சேர்க்கவேண்டுமானால் விலை 19 ரூபாயைத் தாண்டலாகாது. முன்னணி விளையாட்டு அலைவரிசையான ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 மிகச் சரியாக 19 ரூபாயில் நின்றது. சன் டிவியும் அதே 19 ரூபாய். முலுண்டின் தமிழ் வீடொன்று தமிழுக்கும், பிள்ளைகளின் இந்திக்கும், கிரிக்கெட்டுக்கும் தனித்தனியே அடையாளமிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. இதனிடையே 2017-இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழுக்கென ஓர் அலைவரிசையையும் தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் நகரத்தால் பிரிந்த வட்டாரம் இந்தியாவில் மொழியால் பிரிந்தது: ஆட்டம் ஒன்றே, வருணனை வேறு.

இந்த 19 ரூபாயைப் பிரித்துப் பார்த்தால் அதிகாரம் எங்கே நகர்ந்தது என்பது தெரியும். விதிப்படி வினியோகத்துக்குக் குறைந்தது 20 விழுக்காடு, அதாவது 3.80 ரூபாய். ஒளிபரப்பு நிறுவனத்துக்கு 15.20. வினியோகப் பங்கை எம்.எஸ்.ஓ.வும் கேபிள்காரரும் தமக்குள் வேறு ஒப்பந்தம் செய்யாவிடின் 55க்கு 45 என்று பிரிக்கவேண்டும். கேபிள்காரருக்கு 1.71 ரூபாய். காஸ் காலத்தில் நூற்றுக்கு 25 பெற்றவர் இப்போது நூற்றுக்கு 9 பெறுகிறார். அடிப்படைக் கட்டணத்தில் அவருக்குப் பங்கு உண்டென்பது உண்மை; ஆயினும் அலைவரிசையின் விலை எத்தனை உயர்ந்தாலும் அந்த உயர்வில் அவருக்குச் சேர்வது மிகச் சிறிது, வாசலில் நின்று வசவு வாங்குவது முழுவதும். சுமைகூலிக்கும் 2019 முறையில் உச்சவரம்பு வந்தது: சாதாரண அலைவரிசைக்கு ஒரு வீட்டுக்கு மாதம் 20 காசு. குறிப்பேட்டில் மறைத்துவைத்த எண்ணே அவருடைய பேர வலிமை. பெட்டி அந்த எண்ணை மேலிடத்துக்குத் தந்தது. ஈடாக அவருக்கு ஏதும் தரவில்லை.

2020 ஜனவரியில் டிராய் 19 ரூபாய் வரம்பை 12 ஆகக் குறைத்தது. ஒளிபரப்பு நிறுவனங்கள் மும்பை உயர் நீதிமன்றம் சென்றன. 2021 ஜூன் 30 அன்று நீதிமன்றம் விதிகளைப் பெரும்பாலும் ஏற்றது. ஆயினும் 2022 நவம்பரில் டிராயே மீண்டும் 19 ரூபாய்க்குத் திரும்பியது. அதன்மேல் எழுந்த புதிய விலைகளே 2023 பிப்ரவரி இருட்டின் காரணம். அந்த விலைகளுக்குப் பின்னால் மற்றொரு எண் நின்றது. 2022 ஜூனில் ஐ.பி.எல். ஐந்தாண்டு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிருந்தது. தொலைக்காட்சிக்கு டிஸ்னி ஸ்டார் ஒப்புக்கொண்ட தொகை 23,575 கோடி. வீடுதோறும் சில ரூபாய் ஏறாமல் அத்தொகையை மீட்பது அரிது.

இணைய உரிமையை வாங்கிய வயாகாம்18 வேறு வழி சென்றது. 2023-இல் அது ஐ.பி.எல். முழுவதையும் ஜியோசினிமாவில் இலவசமாகக் காட்டியது. சில வாரங்களுக்கு முன் விலைக்காகக் கேபிள் வீடுகள் இருண்டன. இப்போது அதே வீட்டிலுள்ள கைப்பேசியில் ஆட்டம் காசின்றி ஓடியது. அதே ஆண்டு மார்ச்சில், அமெரிக்காவின் வட்டார விளையாட்டு அலைவரிசைகளில் மிகப்பெரும் தொகுதியை வைத்திருந்த டைமண்ட் ஸ்போர்ட்ஸ் நிறுவனம் திவாலாகி நீதிமன்றம் சென்றது. கம்பி வழி வீட்டுக்கு இத்தனை என்று வசூலித்து ஆட்ட உரிமைக்குப் பணம் கட்டும் முறை இரு நாடுகளிலும் ஒரே வசந்தத்தில் ஆட்டங்கண்டது. 2024 நவம்பரில் ஸ்டாரும் வயாகாம்18-ம் ஜியோஸ்டார் என ஒன்றாயின. ஒருபுறம் விலை வைத்தவரும் மறுபுறம் இலவசம் தந்தவரும் இப்போது ஒரே வீட்டார்.

இவ்வரலாற்றில் பார்வையாளர் எந்தப் பேரத்திலும் ஒரு தரப்பாக அமரவில்லை. 1995-இல் நீதிமன்றம் அவருடைய உரிமையைப் பேசியது. 2007-இல் சட்டம் அவர் பெயரால் இயற்றப்பட்டது. 2012-இல் பெட்டி அவர் வீட்டில் அவர் பணத்தில் வைக்கப்பட்டது. 2023-இல் அவர் திரை பிணையாயிற்று. கேபிள்காரரின் குறிப்பேட்டில் அவர் பாதி நேரம் எழுதப்படாத பெயராக இருந்தார். அந்தப் பொய்யில் அவருக்குச் சிறு பங்கும் இருந்தது, ஏனெனில் அவருடைய மாதக் கட்டணம் அதனாற் குறைந்திருந்தது. இன்று அவர் வீடு மட்டுமன்று, அவர் எந்த ஓவரில் ஆட்டத்தை விட்டு விலகினார் என்பதும் செயலி வைத்திருக்கும் நிறுவனத்துக்குத் தெரியும். ஆனால் அந்த எண்ணைக் கையில் வைத்துப் பேரம் பேச, அவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே இப்போது எவரும் இல்லை. முலுண்டின் பழைய கட்டடங்களில், மாடிக்கு மாடி தொங்கிய கறுப்புக் கம்பிகளிற் பல இன்னும் கழற்றப்படாமல் இருக்கின்றன. அவற்றில் எது எந்த வீட்டுக்குப் போயிற்று என்பதை அறிந்தவர் அத்தெருவின் கேபிள்காரர் ஒருவரே.